நடுமூளை மெலிந்த படம் எதைச் சொல்கிறது? பி.எஸ்.பி. நோயும் ஸ்கேனும்

ஒரு மகள் அனுப்பிய கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 66 வயது. மூன்று வருடங்களுக்கு முன் நடை தளர்ந்து, அடிக்கடி பின்பக்கமாக விழ ஆரம்பித்தார். பார்க்கின்சன் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள், பெரிதாகப் பலன் இல்லை. அப்போது எடுத்த எம்.ஆர்.ஐ. ‘வயதுக்கேற்ற சுருக்கம், மற்றபடி நார்மல்’ என்று வந்தது. இப்போது வேறொரு நரம்பியல் மருத்துவர் புதிதாக எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு, நடுமூளை மெலிந்திருக்கிறது, ‘ஹம்மிங்பேர்ட் சைன்’ தெரிகிறது, இது பி.எஸ்.பி. என்கிறார். மகள் கேட்பது: பழைய ஸ்கேனில் தவறவிட்டார்களா? இந்தப் படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியுமா? சொந்தக்காரர்கள் சொல்வதுபோல பெட் ஸ்கேன் எடுக்க வேண்டுமா? கடைசியாக, தனக்கும் தம்பிக்கும் இப்போதே ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா?

நான் ரேடியாலஜிஸ்ட். பல வருடங்களாகத் தலை ஸ்கேன்களைப் படிப்பதுதான் வேலை. இந்த நோயின் படங்கள் என் மேசைக்கு அடிக்கடி வருவதில்லை. வரும்போது அதில் ஒரு குடும்பத்தின் இரண்டு மூன்று வருட அலைச்சல் இருக்கும் என்பது தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பி.எஸ்.பி. என்பது ப்ரோக்ரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி என்பதன் சுருக்கம். லட்சம் பேரில் ஐந்தாறு பேருக்கு இருக்கும் நோய். கனடாவின் டொரண்டோவில் ரிச்சர்ட்சன் என்ற நரம்பியல் மருத்துவர் 1950களில் ஒரே மாதிரியான சில நோயாளிகளைக் கவனித்தார். தள்ளாட்டம், கழுத்து விறைப்பு, கண்ணை மேலும் கீழும் அசைக்க முடியாமை. அவரும் ஸ்டீல் என்ற இளம் மருத்துவரும் ஓல்ஷெவ்ஸ்கி என்ற நோய்க்குறியியல் நிபுணரும் சேர்ந்து 1964-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அன்றைக்கு எம்.ஆர்.ஐ.யும் இல்லை, சி.டி. ஸ்கேனும் இல்லை. இறந்தவர்களின் மூளையை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சேதம் எங்கே என்று கண்டுபிடித்தார்கள். நடுமூளையிலும் அதைச் சுற்றியுள்ள சில இடங்களிலும் நரம்பணுக்கள் அழிந்திருந்தன. பிறகுதான் தெரிந்தது, அங்கே டௌ என்ற புரதம் முறுக்கிக்கொண்டு படிகிறது என்று.

பெயரில் உள்ள சூப்ராநியூக்ளியர் என்ற வார்த்தைக்கு அர்த்தம் புரிந்தால் பாதி நோய் புரிந்த மாதிரி. கண்ணை அசைக்கும் தசை நன்றாக இருக்கிறது, அதற்குப் போகும் நரம்பும் நன்றாக இருக்கிறது. மேலிருந்து வர வேண்டிய உத்தரவுதான் வருவதில்லை. அப்பாவை ‘கீழே பாருங்க’ என்று சொன்னால் கண் இறங்காது. அவரை நேரே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, மருத்துவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்து மெதுவாக மேல்நோக்கி உயர்த்தினால், அதே கண் தானாகக் கீழே இறங்கும். இதை முதல்முறை பார்க்கும் குடும்பத்தார் அதிர்ந்து போவார்கள். ‘அப்போ பார்க்க முடியுதா, வேணும்னே செய்யலையா?’ என்று கேட்டவர்களும் உண்டு. வேண்டுமென்று செய்வதில்லை. உத்தரவு போகும் பாதை அறுந்திருக்கிறது.

மேலும் கீழும் பார்க்க வைக்கும் கட்டுப்பாடு நடுமூளையில் இருக்கிறது. பக்கவாட்டில் பார்க்க வைக்கும் கட்டுப்பாடு அதற்குக் கீழே பான்ஸ் என்ற பகுதியில் இருக்கிறது. பி.எஸ்.பி. நடுமூளையைக் கரைக்கிறது, பான்ஸை ஏறக்குறைய விட்டுவிடுகிறது. அதனால்தான் படியிறங்கக் கஷ்டப்படும் உங்கள் அப்பா, பக்கத்தில் யாராவது வந்தால் திரும்பிப் பார்த்துவிடுகிறார். ஸ்கேனில் நாங்கள் தேடுவதும் இதே வேறுபாட்டைத்தான்.

இப்போது அந்த ஃபிலிமையோ, படங்கள் பதிந்த சி.டி. டிஸ்கையோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூக்கின் நடுவழியாகத் தலையைச் சரிபாதியாகப் பிளந்தால் எப்படித் தெரியுமோ, அந்தப் பக்கவாட்டுப் படத்தைத் தேடுங்கள். மேலே மடிப்பு மடிப்பாகப் பெருமூளை இருக்கும். பின்னால் கீழே, கிளை விரித்த மரம் மாதிரி சிறுமூளை. அதற்கு முன்னால் இறங்கும் தண்டுதான் மூளைத்தண்டு. அதில் முன்பக்கம் தொப்பை போல உப்பியிருப்பது பான்ஸ். பான்ஸுக்குக் கீழே முகுளம், மேலே நடுமூளை. நடுமூளையின் உயரமே ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர்தான்.

நல்ல மூளையில் நடுமூளையின் மேல்விளிம்பு குவிலென்ஸின் முதுகு மாதிரி லேசாக மேடாக இருக்கும். பி.எஸ்.பி.யில் அந்த மேடு முதலில் தட்டையாகும், அப்புறம் உள்வாங்கிக் குழியும். கீழே பான்ஸ் பழைய பருமனிலேயே இருக்கும். மெலிந்த நடுமூளை ஒரு சிறிய தலையாகவும், அதன் முன்நுனி நீண்ட அலகாகவும், பான்ஸ் உடலாகவும் சேர்ந்து ஒரு பறவை உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். ஹம்மிங்பேர்ட் நம் ஊரில் கிடையாது, அது அமெரிக்கக் கண்டங்களின் பறவை. நம் வீட்டுச் செம்பருத்தியில் வந்து தேன் குடிக்கும் தேன்சிட்டை நினைத்துக்கொண்டால் போதும், அலகு மட்டும் வளைவில்லாமல் நேராக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலர் இதையே பெங்குவின் என்பார்கள்.

குறுக்குவெட்டுப் படத்திலும் ஒரு அடையாளம் உண்டு. நடுமூளையின் பக்க விளிம்பு உள்நோக்கிக் குழிந்து, மார்னிங் குளோரி என்ற பூவைப் பக்கவாட்டில் பார்த்தது போல ஆகிவிடும். அந்தப் பூ எப்படி இருக்கும் என்று தெரியாவிட்டால், ஏரிக்கரையெல்லாம் மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கின் ஊதாப் பூவைப் பாருங்கள். இரண்டும் ஒரே பேரினம்தான். புனல் போல விரிந்து அடியில் ஒடுங்குகிற அந்த வளைவுதான் படத்தில் தெரிவது.

பறவை தெரிகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது. தேடுகிறவருக்குப் பறவை தெரிந்துவிடும். அதனால் அளக்க வேண்டும். 2005-ல் ஜப்பானிய மருத்துவர்கள், தலையைச் சரிபாதியாகப் பிளந்தது போன்ற அந்த நடுப்படத்தில் நடுமூளையின் பரப்பை அளந்தார்கள். நோயில்லாதவர்களுக்கு சராசரி 117.7 சதுர மில்லிமீட்டர். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு 103. பி.எஸ்.பி. நோயாளிகளுக்கு 56. பாதிக்கும் கீழே! ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் எண்கள் இப்படித் தெளிவாகப் பிரிவதில்லை, தலை சிறியவருக்கு எல்லாமே சிறியதாகத்தான் இருக்கும். அதனால் நடுமூளையைத் தனியாக அளக்காமல் பான்ஸோடு ஒப்பிட்டு அளப்பது நம்பகமானது. இறந்தபின் செய்த உடற்கூறு ஆய்வால் நோய் உறுதியானவர்களை வைத்து 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நடுமூளையின் குறுக்களவு 9.35 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தாலோ, பான்ஸின் அளவில் 52 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ பி.எஸ்.பி.யை நோக்கித் திரும்பலாம் என்று வந்தது.

இத்தாலியின் கத்தன்சாரோவில் குவாத்ரோனே குழுவினர் 2008-ல் கொடுத்த கணக்கு இன்னும் கொஞ்சம் நுட்பமானது. பான்ஸின் பரப்பை நடுமூளையின் பரப்பால் வகுக்க வேண்டும். சிறுமூளையை மூளைத்தண்டோடு இணைக்கும் நடுத்தண்டின் தடிமனை மேல்தண்டின் தடிமனால் வகுக்க வேண்டும். இரண்டையும் பெருக்க வேண்டும். பி.எஸ்.பி.யில் கீழே நிற்கும் இரண்டு எண்களும் (நடுமூளை, மேல்தண்டு) சுருங்குவதால் விடை எகிறும். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: பான்ஸ் 500, நடுமூளை 120, நடுத்தண்டு 9, மேல்தண்டு 4 என்றால் விடை 9 சொச்சம். அதே பான்ஸ் 500, நடுமூளை 60, மேல்தண்டு 3 என்று ஆகிவிட்டால் விடை 25. அவர்கள் வைத்த எல்லைக்கோடு 13.55. பத்து வருடம் கழித்து, மூளைக்குள் நீர் நிற்கும் அறைகளில் மூன்றாவது அறையின் அகலத்தையும் சேர்த்து இந்தக் கணக்கைத் திருத்தினார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் எம்.ஆர்.பி.ஐ. என்று ஒரு எண் இருந்தால் அது இதுதான். இல்லாவிட்டால் ரேடியாலஜிஸ்டிடம் அளந்து தரச் சொல்லிக் கேளுங்கள். கையால் அளந்தாலும் கால் மணி நேர வேலை, அதைக் கேட்பதில் தவறே இல்லை.

சரி, பழைய ஸ்கேனுக்கு வருவோம்.

மூன்று விதமாக நடந்திருக்கலாம். அப்போது நடுமூளை உண்மையிலேயே சுருங்கியிருக்காமல் இருக்கலாம். நோய் முதலில் நரம்பணுக்களுக்குள் ஆரம்பித்து, அவை செத்து, கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெலிய நாளாகும். குறிப்பாக, ஆரம்பத்தில் பார்க்கின்சன் மாதிரியே கைகால் விறைத்து, மாத்திரைக்கும் கொஞ்சம் கேட்டுக்கொண்டு போகும் ஒரு வகை உண்டு. அதில் நடுமூளை பல வருடம் நார்மலாகவே தெரியலாம். இரண்டாவது, படம் எடுத்த விதம். பழைய முறையில் 5 மில்லிமீட்டர் கனத்தில் துண்டு துண்டாக எடுத்திருந்தால், தலை லேசாகச் சாய்ந்திருந்தாலும் சரியான நடுப்படம் கிடைக்காது. இரண்டு சென்டிமீட்டர் உறுப்பை அப்படி அளப்பது நடக்காத காரியம்.

மூன்றாவது, யாரும் அங்கே பார்க்கவில்லை. இதைக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் நானே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த சில வருடங்களில் ஒரு பெரியவரின் ஸ்கேன் வந்தது. சீட்டில் ‘நடைத் தளர்ச்சி’ என்று மட்டும் எழுதியிருந்தது. ரத்தக்கசிவு இல்லை, கட்டி இல்லை, பக்கவாத அடையாளம் இல்லை. ‘வயதுக்கேற்ற சுருக்கம்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து அதே பெரியவர் சக்கர நாற்காலியில் வந்தார். அவர் மனைவி வெளியில் உட்கார்ந்திருந்தார். ‘எப்படி இருக்கார்மா?’ என்று கேட்டேன். ‘தட்டைப் பார்க்கவே மாட்டேங்கிறார் சார். சோறு எல்லாம் சட்டையிலதான் விழுது. நான் குனிஞ்சு சாப்பிடுங்கன்னு தினம் சண்டை போடுறேன்’ என்றார். சட்டையின் முன்பக்கம் சாம்பார்க் கறை காய்ந்திருந்தது. மேலைநாட்டு மருத்துவர்கள் இதற்கு அழுக்கான டை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், கீழே பார்க்க முடியாதவரின் கழுத்துப்பட்டையில் உணவு சிந்தியிருக்கும் என்பதால். உள்ளே போய்ப் பழைய படத்தைத் திறந்தேன். நடுமூளையின் மேல்விளிம்பு அன்றைக்கே தட்டையாக இருந்தது. நான் அங்கே பார்க்கவில்லை. அன்றிலிருந்து நடை சம்பந்தமாக எந்த ஸ்கேன் வந்தாலும் நடுமூளையை அளக்காமல் ரிப்போர்ட் எழுதுவதில்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: பழைய ஸ்கேனின் சி.டி. டிஸ்கைத் தேடி எடுங்கள். ரிப்போர்ட் தாள் போதாது, ஃபிலிமும் பாதிதான் உதவும், சி.டி.யில் இருக்கும் படங்கள்தான் வேண்டும். கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ஆள் அளக்கட்டும். மூன்று வருடத்தில் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது ஒற்றைப் படத்தைவிட அதிகம் பேசும். சி.டி. கீறல் விழுந்தால் போச்சு, இப்போதே பென் டிரைவில் ஏற்றி வையுங்கள். யாரையும் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை.

படத்தை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியுமா? முடியாது. நூற்றுக்கு நூறு உறுதி என்பது மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் மட்டுமே. உலகம் முழுவதும் மருத்துவர்கள் பின்பற்றும் 2017-ம் வருட விதிமுறையிலும் ஸ்கேனுக்குத் துணைச் சான்று என்ற இடம்தான். முதல் இடம் நோயாளிக்கு: முதல் மூன்று வருடத்துக்குள் தானாக விழுவது, கண் மேலும் கீழும் அசையாதது அல்லது மெதுவாக அசைவது, மாத்திரைக்கு அசையாத விறைப்பு, சுறுசுறுப்பு வற்றிப்போவது. மூன்று தடவை கை தட்டச் சொன்னால் நிறுத்தத் தெரியாமல் தட்டிக்கொண்டே போவது, நாற்காலியிலிருந்து திடீரென்று எழுந்து அப்படியே பின்னால் சாய்வது, எப்போதும் ஆச்சரியப்பட்டது போலப் புருவம் உயர்ந்திருப்பது, இதெல்லாம் அனுபவமுள்ள மருத்துவருக்கு அறைக்குள் நுழையும்போதே தெரிந்துவிடும். உங்கள் அப்பாவுக்குச் சீக்கிரமே விழுவதும், மாத்திரை பலனில்லாததும், படமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. அந்த ஒத்துப்போவதில்தான் பலம் இருக்கிறது.

தவறு இரண்டு பக்கமும் நடக்கும். உடற்கூறு ஆய்வில் பி.எஸ்.பி. என்று உறுதியானவர்களின் பழைய எம்.ஆர்.ஐ.களை லண்டனில் எடுத்துப் பார்த்தபோது, மூன்றில் இரண்டு பங்கு பேரிடம்தான் பறவை அடையாளம் இருந்தது. அடையாளம் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. மறுபக்கம், நடுமூளை குழிந்து தெரிந்தாலே பி.எஸ்.பி. என்றும் ஆகாது. மூளைக்குள் நீர் தேங்கி அறைகள் பெரிதாகும் ‘நார்மல் பிரஷர் ஹைட்ரோசெபலஸ்’ என்ற நிலையிலும் நடுமூளையின் மேல்விளிம்பு அழுந்திக் குழியலாம். அதிலும் நடை தளரும், மறதி வரும், சிறுநீர் அடக்க முடியாது. இதைக் கவனமாகப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு ஷண்ட் என்ற குழாய் வைத்தால் சரியாக வாய்ப்புண்டு. அதே குழாயை பி.எஸ்.பி. நோயாளிக்கு வைத்தால் நிலைத்த பலன் இல்லாமல் ஆபரேஷனின் சிரமம் மட்டும் மிஞ்சும். சிறுசிறு பக்கவாதங்கள் சேர்ந்தும் இதே மாதிரி நடை வரலாம், எம்.ஆர்.ஐ. எடுப்பதன் பெரிய பயனே இவற்றையெல்லாம் விலக்குவதுதான்.

பார்க்கின்சனையும் இதையும் பிரிப்பதால் என்ன லாபம், இரண்டுக்குமே முழுக் குணம் இல்லையே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். லாபம் உண்டு. பார்க்கின்சனுக்கு மூளைக்குள் மின்முனை வைக்கும் டி.பி.எஸ். ஆபரேஷன் சிலருக்கு நன்றாக உதவும். பி.எஸ்.பி.க்கு அதைச் செய்வதில்லை, பலன் கிடைக்காது. லட்சக்கணக்கில் செலவாகும் அந்த முடிவை எடுக்கும் முன் நடுமூளையை ஒருமுறை அளந்து பார்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நினைத்துப் பாருங்கள். அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டட் தனக்குப் பார்க்கின்சன் என்று 2013-ல் சொன்னார், 2019-ல்தான் அது பி.எஸ்.பி. என்று வெளியே தெரிந்தது. எல்லா வசதியும் உள்ள இடத்திலேயே சரியான பெயர் கிடைக்க இவ்வளவு நாளாகிறது.

பெட் ஸ்கேன் பற்றி உறவினர்கள் சொல்வதில் ஒரு குழப்பம் இருக்கிறது. பெட் என்பது ஒரே பரிசோதனை கிடையாது. எந்த மருந்தை ஊசியில் ஏற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது காட்டும் விஷயமே மாறிவிடும்.

எஃப்-டோபா பெட், அதற்கு நெருக்கமான ட்ரோடாட் ஸ்பெக்ட் இரண்டும், அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பு முனைகள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று காட்டும். பார்க்கின்சனிலும் அவை குறையும், பி.எஸ்.பி.யிலும் குறையும். ‘ட்ரோடாட் பாசிட்டிவ், அதனால் பார்க்கின்சன்’ என்று சொல்லப்பட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஸ்கேன் அப்படிச் சொல்லவே சொல்லாது. மாத்திரையால் வந்த நடுக்கமா, உண்மையான நரம்பு அழிவா என்று பிரிக்க உதவும். அழிவு எந்த நோயால் என்பதை அதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

எஃப்.டி.ஜி. பெட் வேறு. அதில் ஏற்றுவது கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை. மூளையின் எந்தப் பகுதி சர்க்கரையைக் குறைவாகச் சாப்பிடுகிறதோ அது மங்கும். பி.எஸ்.பி.யில் நெற்றிப் பகுதியின் உட்புறமும், நடுமூளையும், ஆழத்தில் உள்ள காடேட் என்ற பகுதியும் மங்கித் தெரியும். எம்.ஆர்.ஐ.யில் சந்தேகமாக இருக்கும் ஆரம்ப நிலையில் இது உதவும். எடுப்பதாக இருந்தால் சில மணி நேரம் வெறும் வயிறு வேண்டும், சர்க்கரை நோய் இருந்தால் அளவு கட்டுக்குள் இருக்க வேண்டும், ஊசி போட்டபின் மங்கலான அறையில் பேசாமல் படுத்திருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லோரும் ஆசையோடு எதிர்பார்க்கும் டௌ பெட். குற்றவாளிப் புரதத்தையே படமெடுப்பது. அல்சைமரில் டௌவைப் படமெடுக்க ஏற்றும் ஒரு ஊசி மருந்து அமெரிக்காவில் 2020-ல் அனுமதி பெற்றது. ஆனால் அல்சைமரில் படியும் டௌவும் பி.எஸ்.பி.யில் படியும் டௌவும் மடிந்திருக்கும் விதம் வேறு. 2021-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அந்த மடிப்பை அணு அளவில் படமெடுத்துக் காட்டினார்கள். ஒரு பூட்டுக்குச் செய்த சாவி இன்னொரு பூட்டில் சரியாக உட்காரவில்லை. போதாக்குறைக்கு, அந்த மருந்து புரதமே இல்லாத இடங்களிலும் மூளையின் ஆழத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. பி.எஸ்.பி. டௌவுக்குப் பொருந்தும் புதிய படமெடுப்பு மருந்துகள் சிலவற்றை ஆராய்ச்சியில் முயன்று பார்க்கிறார்கள். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு, ஆனால் இன்றைக்கு உங்கள் அப்பாவுக்கு நடுமூளையின் படமும் மருத்துவரின் பரிசோதனையும் சொல்வதைத் தாண்டி இது எதையும் கூட்டாது.

ஆகவே உங்கள் அப்பா விஷயத்தில், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பெட் எடுப்பதால் சிகிச்சை மாறப்போவதில்லை. அந்தப் பணத்தைக் குளியலறையில் கைப்பிடி வைக்கவும், கனமான வாக்கர் வாங்கவும், பிசியோதெரபிக்கும், விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளருக்கும் செலவழியுங்கள். இந்த நோயில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் உணவு மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வருவதால்தான். அவர் இரும ஆரம்பித்தால், சாப்பிடும்போது கண் கலங்கினால், காத்திருக்காமல் காட்டுங்கள். தட்டை மடியில் வைக்காதீர்கள், கண்ணுக்கு நேராக உயர்த்தி வையுங்கள். சோறு சட்டையில் விழுவது பாதி குறையும்.

இனி அவருக்கு அவசரமாகத் தேவைப்படக்கூடிய ஸ்கேன் வேறு: விழுந்து தலையில் அடிபட்டால் எடுக்கும் சாதாரண சி.டி. ஸ்கேன். பின்பக்கமாகத் தடுக்காமல் விழுகிறவர்கள் கையை ஊன்றுவதில்லை, பின்மண்டை நேராகத் தரையில் மோதும். மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கட்டலாம். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் இன்னும் கவனம். விழுந்த அன்றோ, சில நாட்கள் கழித்தோ தூக்கம் அதிகமானாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் தளர்ந்தாலோ ‘நோய் முற்றிவிட்டது’ என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பி.எஸ்.பி. ஒரே நாளில் மோசமாகாது. ரத்தக்கட்டால் அப்படித் திடீரென்று மோசமாகலாம், அதை எடுத்தால் பழைய நிலைக்குத் திரும்ப வாய்ப்புண்டு.

எப்போதாவது மறுபடி எம்.ஆர்.ஐ. தேவைப்பட்டால், போகும் முன் டெக்னீஷியனிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். கழுத்து விறைத்திருப்பதால் அவரால் தலையை முழுதாகச் சாய்த்துப் படுக்க முடியாது, தலைக்கடியில் ஸ்பான்ஜ் வைத்து உயரம் கொடுக்கட்டும். மல்லாந்து படுத்தால் எச்சில் தொண்டையில் தேங்கிப் புரை ஏறலாம், அதனால் பெல்லைக் கையில் கொடுத்துவிட்டு அடிக்கடி குரல் கொடுக்கட்டும். சீட்டில் ‘பி.எஸ்.பி. சந்தேகம், நடுமூளை அளவு வேண்டும்’ என்று மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் முப்பரிமாணமாக எடுக்கும் ஒரு வரிசை போதும், தலை சாய்ந்திருந்தாலும் கம்ப்யூட்டரில் நேராக்கி அளந்துவிடலாம். இதற்கு கான்ட்ராஸ்ட் ஊசி பொதுவாகத் தேவையில்லை. அசைந்தால் படம் கலங்கிவிடும் என்று பயந்து மயக்க மருந்துக்கு உடனே சம்மதிக்காதீர்கள், விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அது ஆபத்து. முதலில் முக்கியமான அந்த ஒரு வரிசையை எடுத்துவிட்டு மற்றதை அப்புறம் பார்க்கச் சொல்லலாம்.

கடைசிக் கேள்வி, உங்களுக்கும் தம்பிக்கும். பி.எஸ்.பி. பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்ந்து வருவதில்லை. டௌ புரதத்துக்கான மரபணுவின் ஒரு வகை இந்த நோயாளிகளிடம் அதிகம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அதே வகை நோயில்லாத ஏராளமானவர்களிடமும் இருக்கிறது, அதை வைத்து யாருக்கு வரும் என்று கணிக்க முடியாது. அறிகுறி எதுவும் இல்லாத நாற்பது வயதில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. நார்மல் என்றுதான் வரும், அது இருபது வருடம் கழித்து வருவதைப் பற்றி எதுவும் சொல்லாது. சில சமயம் சம்பந்தமே இல்லாத ஒரு சின்னப் புள்ளி தெரிந்து, அதை வைத்து ஆறு மாதம் தூக்கம் கெடும். அப்பாவின் கூடப்பிறந்தவர்களில், அவர் பெற்றோரில் இளவயதிலேயே இதே மாதிரி நடை, கண், ஞாபகத் தொந்தரவு யாருக்காவது இருந்திருந்தால் மட்டும் அவருடைய மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள், மரபணு ஆலோசனை தேவையா என்று அவர் பார்ப்பார். இல்லையென்றால் உங்கள் இருவருக்கும் ஸ்கேன் வேண்டாம்.

பழைய சி.டி. கிடைத்து இரண்டையும் ஒருவர் அளந்து கொடுத்தால், அந்த எண்களை இங்கே போடுங்கள். அப்பாவின் பெயர், மருத்துவமனை விவரம் எல்லாம் மறைத்துவிட்டுப் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.